அவளுக்காகப் பேசியவள்

கஞ்சி முதுகில் கொட்டுமா? சோறு வடிக்கிறவள் குனிந்து வடிப்பாள். தவறினால் கையில் கொட்டும், காலில் கொட்டும், மிஞ்சிப் போனால் வயிற்றில் கொட்டும். அடுப்படியில் நின்ற யாருக்கும் இது தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டில், கொதிக்கும் கஞ்சி கொட்டியதால் முதுகில் காயம் என்று எழுதியிருந்தது. எழுதிய டாக்டர் தம்பி வாழ்நாளில் சோறு வடித்திருக்க மாட்டார், சரி, போகட்டும். அதைப் படித்துவிட்டுத் தலையாட்டிய மற்ற எல்லாருக்கும் என்ன வந்தது? அன்றைக்கு வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் எனக்கு வருகிறது.

நான் திண்டுக்கல்லில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர். குழந்தைக்கு ஆபத்து என்றால் ஓடிவர நாட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். வயது வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். காது கேளாதவர், புத்தி வளராதவர், படுக்கையில் கிடப்பவர், இவர்களை வீட்டிலேயே யாராவது வதைத்தால், "அது அவங்க குடும்ப விசயம் மேடம்" என்ற பதில் எந்த ஆபீசிலும் தயாராக இருக்கும். அந்த ஆபீசுகளுக்கு நடுவில் ஓடுவதுதான் என் வேலை. போலீசிடம் கேட்டால் ஆஸ்பத்திரியைக் காட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் மாற்றுத்திறனாளி ஆபீசைக் காட்டுவார்கள், அங்கே போனால் மறுபடி போலீசையே காட்டுவார்கள். "நீ சம்பளம் கொறஞ்ச தபால்காரிடி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். தபால்காரிக்காவது பென்சன் உண்டு என்று நான் திருப்பிச் சொல்வேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வார்டு நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, அதே பொண்ணு திரும்ப வந்திருக்கு. போன தடவ கை. இந்தத் தடவ முதுகு. கஞ்சின்னு சொல்றாங்க. எனக்குக் கஞ்சி மாதிரி தெரியல. செத்த வந்து பாத்துட்டுப் போங்கக்கா."

போனேன். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மல்லாந்து படுக்க முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கு மல்லித் தோட்டம். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டெடுக்கப் போய்விடுவாள். மல்லி மொட்டாகவே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். விரிந்துவிட்டால் கேட்க நாதி கிடையாது.

பக்கத்தில் அவள் அண்ணி. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒடிசலான உடம்பு, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. இருவரும் கையால் பேசிக்கொண்டார்கள். அம்புட்டு வேகம்! விரல் எங்கே மடங்குகிறது, எங்கே நிமிர்கிறது என்று பார்ப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். அது பள்ளியில் சொல்லித்தரும் சைகை மொழி அல்ல. ஒரே வீட்டில் பல வருடம் சேர்ந்து சமைத்து, சேர்ந்து பூவெடுத்து, அவர்களாக உண்டாக்கிக்கொண்டது. அண்ணனுக்கே அது தெரியாது. "அதெல்லாம் பொம்பளைங்களுக்குள்ள மேடம், நமக்கு எங்க புரியுது" என்றான்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அடர்ந்த மீசை, கையில் இளநீர். வார்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து உட்காருங்கள் என்றாலும் உட்காரமாட்டான். "தாயில்லாப் புள்ள மேடம். எங்கம்மா சாகும்போது எங் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. நான் கல்யாணம் முடிச்சதே இதுக்கு ஒரு தொணை வேணும்னுதான்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நர்ஸும் இளகிப் போனாள். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. இப்படி ஒரு அண்ணன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் எப்படி விசாரித்தார் என்று நர்ஸிடம் கேட்டேன். "எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டாருக்கா. அந்தக்கா கையக் காட்டிக் கேட்டாங்க. இது கையக் காட்டுச்சு. கஞ்சி கொட்டிப் போச்சுன்னு அந்தக்கா சொன்னாங்க. அம்புட்டுதான்." அடுத்து ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டய்யாவும் அதே மாதிரி கேட்டார், அதே பதிலை எழுதிக்கொண்டு போனார். போன தடவை கையில் காயத்தோடு வந்தபோதும் இப்படித்தானாம். அந்தப் பெண்ணின் வாக்குமூலம் என்று இருந்ததெல்லாம் அண்ணியின் வாயிலிருந்து வந்ததுதான்.

நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எஸ்.ஐ. அம்மாவிடம் கத்தினேன். தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்த அந்த அம்மா கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "சரி மேடம். அந்தப் பொண்ணு கை பேசுறது வேற யாருக்குப் புரியுது? எனக்குப் புரியுதா, உங்களுக்குப் புரியுதா?" என்றார். கத்துவதற்கும் ஒரு முடிவு வேண்டுமே. "காயத்தையாவது வந்து பாருங்க" என்றேன்.

வந்தார். நர்ஸ் கட்டைப் பிரித்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பட்டையான காயம். ஓரம் நேராக, கோடு போட்ட மாதிரி இருந்தது. கொட்டிய தண்ணீர் இப்படி நேராக நிற்காது. எஸ்.ஐ. அம்மா குனிந்து பார்த்தார். "தோசைக் கரண்டி" என்றார். "எங்க வீட்டுல இருக்கிறதும் இதே அகலம்தான் மேடம்."

அவ்வளவுதான், எங்கள் எல்லாருக்கும் விடை கிடைத்துவிட்டது. தோசைக் கரண்டி யார் கையில் இருக்கும்? அடுப்படி யாருடையது? அண்ணிக்காரிதான்! எந்த வீட்டு நாத்தனார் எந்த அண்ணிக்குப் பாரமாக இல்லை! நர்ஸும் அதையே சொன்னாள், எஸ்.ஐ. அம்மாவும் சொன்னார், நானும் சொன்னேன். சூடு போட்டவளையே மொழிபெயர்க்க வைத்துவிட்டோமே, சண்டாளி எப்படிக் கூசாமல் கஞ்சி என்று சொன்னாள் என்று வயிறு எரிந்தது. நானும் ஒரு வீட்டுக்கு அண்ணிதான். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

காயம் ஆறத் தொடங்கியதும் டிஸ்சார்ஜ் என்றார்கள். எங்கே அனுப்புவது? வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த முறை முகம். அதற்கடுத்த முறை ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாள். யார் யாருக்கோ போன் போட்டேன். மாற்றுத்திறனாளி ஆபீசில் அவளுக்கு அடையாள அட்டையே இல்லை என்றார்கள். இத்தனை வருடமாக அந்த வீட்டில் ஒருத்தருக்கும் அதை வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. மன நலப் பிரிவில், இது எங்கள் நோயாளி அல்ல என்றார்கள். முதியோர் இல்லத்தில் வயது பத்தாது என்றார்கள். அனாதை இல்லத்தில் வயது கூடிப்போச்சு என்றார்கள். என் தலையெழுத்து, எல்லாரும் சொன்னது அவரவர் விதிப்படி சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். அதற்கே பெரும்பாடு. எஸ்.ஐ. அம்மா ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். முதல் இரண்டு நாள் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும் கட்டை விரலும்தான் வந்தன. நான் பொறுக்க முடியாமல், "வணக்கம் போட்டது போதும், அந்தப் பிள்ளை எங்கே படுக்கும் என்று யாராவது சொல்லுங்கள்" என்று எழுதினேன். நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் கூட்டம் நடந்தது. கொடுமைக்கு ஆளான பெண்களுக்கான சேவை மையத்தில் கொஞ்ச நாள் தங்க வைப்பது, அதற்குள் வருவாய்த் துறையில் அதிகாரமுள்ள அதிகாரி விசாரிப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் கொடுமை நடப்பது உண்மை என்று அவருக்குப் பட்டால், நீண்ட காலம் தங்கும் இல்லத்துக்கு அனுப்ப உத்தரவு போடுவார். படாவிட்டால் ரத்த சொந்தமான அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். மையத்திலும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள வழியில்லை.

ஆக, விசாரணை அன்றைக்கு அந்தப் பெண் தானாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரை உதவிக்குக் கூப்பிட்டேன். கன்னியாஸ்திரி, நிதானமானவர், என் பேச்சுக்கெல்லாம் சிரிப்பார். மையத்துக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். தன் கையால் ஏதோ கேட்டார். அவள் அந்தக் கையை வேடிக்கை பார்த்தாள். சிஸ்டர் வேறு மாதிரி கேட்டார். அவள் சிரித்தாள். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. சோறு, தண்ணீர், பூ, தூக்கம் வரை வந்தார்கள். காயத்தைத் தொட்டுக் காட்டினால் மட்டும் அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்றார் சிஸ்டர்.

"ஒரு வாரம்தான் சிஸ்டர் இருக்கு."

"அப்ப ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் முறைத்தேன். "பண்ணிக்கிட்டே வேற ஆளையும் தேடுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

வேறு ஆள் இருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் அவளோடு பூவெடுக்கிற பெண்கள். பக்கத்துப் பாத்தியில் பல வருடம் நின்றவர்களுக்கு அவள் கை புரியாமல் இருக்குமா? மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். பூவெடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும். எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள், சாப்பிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்ததும் எல்லாருக்கும் வாளியை மூடும் வேலை வந்துவிட்டது.

"எங்களுக்கு என்னக்கா தெரியும். அது பாட்டுக்குப் பூவெடுக்கும், அது பாட்டுக்குப் போகும்."

"அண்ணிக்காரி அடிப்பாளா?"

ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். வயதில் மூத்தவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "அந்தப் புள்ளையா? அது யாரு வம்புக்கும் போகாது தாயி. நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிரும். நாளைக்கும் நாங்க இந்தத் தோட்டத்துக்குத்தான் வரணும்."

பயப்படுகிறார்கள், தோட்டக்காரர் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணியைப் பற்றி அந்த மூத்தவள் சொன்னது என் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை.

மையத்தில் அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் வாசல் கேட்டருகே போய் நின்றுகொள்வாள். வருகிற போகிற எல்லாரிடமும் மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துக் கேட்பாள். மூக்குத்தி என்றால் அண்ணி. அது எங்களுக்கே புரிந்தது. மையத்து ஆலோசகர் சின்னப் பெண், நல்ல பிள்ளை. "பாவம் மேடம், தூக்கத்துலகூட அண்ணி வந்துருவாங்களோன்னு பயம். அதையேதான் காட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சிஸ்டர் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பயந்தவ வாசல் கேட்டுக்கிட்ட போய் நிப்பாளா? உள்ள போய்த்தான ஒளிவா. எனக்கு என்னமோ இவ ஆளத் தேடுற மாதிரி இருக்கு" என்றார்.

"அடிச்சவளையா சிஸ்டர் தேடுவா?" என்று கேட்டேன்.

அதற்குள் அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனான். எங்கேயும் சத்தம் போடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. என் தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தது குத்தமா என்று கண்ணைத் துடைத்தான். என்னிடமும் வந்தான். "உங்களுக்கு எம் பொண்டாட்டி மேல சந்தேகம்னா சொல்லுங்க மேடம். நான் அவளக் கண்டிக்கிறேன்" என்றான். மெதுவான குரலில்தான் சொன்னான். நான் என்ன சொன்னேன்? "கண்டிங்க சார்" என்றுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

விசாரணை அன்று அதிகாரியின் அறையில் மின்விசிறி ஓடியும் புழுங்கியது. அதிகாரி, தட்டச்சுக்காரர், எஸ்.ஐ. அம்மா, சிஸ்டர், நான். அந்தப் பெண்ணுக்குச் சிஸ்டர் தலைசீவிப் பூ வைத்துக் கூட்டிவந்திருந்தார். அண்ணனையும் அண்ணியையும் உள்ளே வரச் சொன்னார்கள். அண்ணியிடம் விசாரிக்க வேண்டியிருந்தது, அண்ணன் கூட நிற்பது எப்போதும் உள்ள வழக்கம். காது கேளாதவருக்கோ புத்தி வளராதவருக்கோ விசாரணை என்றால் பொறுப்பான ரத்த சொந்தம் ஒருவர் கூடவே நிற்க வேண்டும், அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் நாங்களும் நின்றுகொண்டு நடத்தினோம். ஆஸ்பத்திரியிலும் அவன் வாசலில் நின்றான். ஏட்டய்யா கேட்டபோதும் நின்றான். இங்கேயும் கதவோரமாக வந்து நின்றான்.

அண்ணி தலையை நன்றாக மூடிச் சேலையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். அந்தப் புழுக்கத்தில்.

அந்தப் பெண் அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் அண்ணியின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். போர்த்தியிருந்த சேலையை இழுத்தாள். அண்ணி விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ரவிக்கையின் பின்பக்கத்தைக் கீழே நெகிழ்த்திப் பார்த்தாள்.

நாங்களும் பார்த்தோம். மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளுக்கடியில் பட்டையாக, ஓரம் நேராக ஒரு காயம். புதுசு. அதற்குக் கீழே ஆறிப்போன தழும்புகள்.

அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிறகு அண்ணியின் முகத்துக்கு நேராகக் கையை அசைத்து எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"என்னம்மா கேக்குறாங்க?" என்றார் அதிகாரி.

அண்ணியின் பார்வை கதவோரம் போனது, திரும்பியது. நான் அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஆஸ்பத்திரியிலும் அவள் பதில் சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு முறை வாசலைப் பார்த்திருப்பாள். நாங்கள் எல்லாரும் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் கண்ணை யார் பார்த்தோம்?

எஸ்.ஐ. அம்மா பார்த்துவிட்டார். எழுந்து போய் அண்ணனின் முழங்கையைப் பிடித்தார். "நீங்க செத்த வெளிய வாங்க."

"மேடம், நான் கார்டியன்."

"வாங்கன்னு சொன்னேன்."

கதவு மூடிக்கொண்டது. அவன் குரல் வராந்தாவில் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.

"இப்பச் சொல்லுங்கம்மா. என்ன கேக்குறாங்க?" என்றார் அதிகாரி.

"உனக்கும் சூடு வச்சுட்டாரான்னு கேக்குதுங்க" என்றாள் அண்ணி. அதைச் சொல்லிவிட்டு, சொன்னதே தப்பு என்பது போலக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

கேட்டருகே நின்று நின்று அவள் கேட்டது இதைத்தானா? நான் இங்கே வந்துவிட்டேன், அங்கே அவள் தனியாக இருக்கிறாளே, அவளையும் கூட்டிவாருங்கள் என்றா? எனக்கு ஒன்றும் இல்லை, அவளைப் பாருங்கள் என்றா? நாங்களோ அவளுக்கு அண்ணியிடம் இருந்து பாதுகாப்பு கொடுத்துக்கொண்டிருந்தோம்! போதாக்குறைக்கு நான் அவனிடம், கண்டிங்க சார் என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தப் புதுக் காயம் எந்த நாளில் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி இளைஞர். அவருக்கும் வியர்த்திருந்தது. "உங்களுக்கு இதச் செஞ்சது யாரும்மா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. எண்ணெய் தெறிச்சுப் போச்சுங்க."

"முதுகுலயா?" என்று என் வாய் முந்திக்கொண்டது. சிஸ்டர் என் கையை அழுத்தினார்.

"பசங்க ரெண்டு பேரு இருக்காங்க. நான் எதும் சொல்லலைங்க. நான் போகோணுங்க" என்றாள் அண்ணி. எழுந்தேவிட்டாள். அந்தப் பெண் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர்தான் பேசினார். "சரிம்மா. உங்களப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இவங்க பேசணும்ல? இவங்க கை உங்களுக்கு மட்டும்தான் புரியுது. இவங்க சொல்றத மட்டும் எங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க."

அண்ணி நின்றாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "அது சொல்றத மட்டும்னாச் சொல்றேனுங்க. நான் சொன்னதா எழுதிக்க மாட்டீங்கல்லங்க?"

"மாட்டோம்மா. அவங்க சொன்னதாத்தான் எழுதுவோம்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணி கையால் கேட்டாள். அந்தப் பெண் ஒரு விரலை மேலுதட்டின் மேல் மீசை போல வைத்தாள். அது யாரென்று சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அண்ணி சொன்னாள்.

"எங்கண்ணன் வச்சாரு."

தட்டச்சு ஆரம்பித்தது.

"மொட்டு விரிஞ்சு போச்சுன்னு வச்சாரு. கரண்டிய அடுப்புல காய வச்சு எடுத்துட்டு வந்தாரு. கையில ஒருக்கா. முதுகுல ஒருக்கா." அந்தக் கைகள் வேகமாகப் போயின, அண்ணியின் குரல் சமமாக, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, பின்னாலேயே போனது. "ஆஸ்பத்திரியில கஞ்சின்னு சொல்லச் சொன்னாரு. இல்லீன்னா அடுத்தது மூஞ்சின்னு சொன்னாரு."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் மூக்கைத் தொட்டாள். பிறகு எழுந்து, யாரையோ மறைப்பது போல இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். அண்ணியின் குரல் முதல் முறையாகத் தடுமாறியது.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"எங்க அண்ணி குறுக்கால வந்துச்சு" என்றாள் அண்ணி. "எங்க அண்ணிக்கும் வச்சாரு."

தட்டச்சுக்காரர் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, அடிங்க என்பது போல விரலை அசைத்தார்.

"எப்பவும் குறுக்கால வரும். எங்க அண்ணிக்குத்தான் மொதல்ல வச்சாரு. நான் சின்னப் புள்ளையாட்டம் அழுதேன். அண்ணி அழுவல. அழுதாப் பசங்க முழிச்சுக்குவாங்கன்னு துணிய வாயில வச்சுக்குச்சு."

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். களைத்துப் போயிருந்தாள். அண்ணியின் முந்தானை நுனியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கைகள் அசையவில்லை.

"மூத்தவன் வயித்துல இருக்கயிலயே வச்சாரு" என்றாள் அண்ணி. "எங்கப்பன் வந்து பாத்துட்டு, அனுசரிச்சுப் போ சாமின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் இதுக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் கையிலயே பேசிக்குவோம், அவருக்குப் புரியாதல்ல."

தட்டச்சுக்காரர் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். அவை மடியில் சும்மா கிடந்தன. என்னைப் பார்த்தார். நான் நிறுத்த வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள்.